புகை விற்றவனே துடைப்பமும் காட்டுகிறான்!

லண்டன் பொருட்காட்சி உழைக்கும் மக்களுக்குச் சொல்லும் பாடம்

சில வாரங்களுக்கு முன் ஒரு மில் தொழிலாளர் சங்கப் படிப்பகத்தில், முதல் ஷிப்டு முடிந்து வந்த தோழர்களுடன் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு வெயிலைப் பற்றித் திரும்பிற்று. ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் கேட்டார்:

"தோழர், புகையால் காற்றில் சேர்ந்த கரியமில வாயுவைத் திரும்பப் பிடித்துப் பூமிக்குள் புதைக்க மிஷின் வந்துவிட்டதாமே? லண்டனில் பொருட்காட்சியே வைத்துக் காட்டினார்களாம். அப்படியானால் எரிக்கிறவன் எரிக்கட்டும், பிடிக்கிறவன் பிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமே?"

பக்கத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்படி ஒரு மிஷின் இருந்தா, பத்து மணி வெயிலுக்கே நாத்து நடுற எங்க தலை ஏன் தம்பி சுத்துது?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பதில் சொல்லும்போது, முதல் கேள்வியை அந்த இளைஞரின் மனத்தில் விதைத்தவர்கள் யார், அதற்குக் கூலி கொடுத்தவர்கள் யார் என்பதையும் அம்பலப்படுத்தியே தீரவேண்டும்.

என்ன பொருட்காட்சி அது?

லண்டனில் ஸயன்ஸ் மியூசியம் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானக் காட்சிசாலை இருக்கிறது. பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தையும் பெற்று நடக்கும் பொது ஸ்தாபனம் அது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, அங்கே வந்துபோகிறார்கள். 2021 மே 19-ந் தேதி அங்கே ஒரு பொருட்காட்சி திறக்கப்பட்டது. 'அவர் ஃப்யூச்சர் பிளானட்', அதாவது 'நமது எதிர்கால பூமி' என்று அதற்குப் பெயர். காற்றிலுள்ள கரியமில வாயுவை எப்படி வெளியே எடுப்பது என்பதைப் பொதுமக்களுக்கு விளக்குவதே நோக்கம் என்றார்கள். அனுமதி இலவசம். 2022 செப்டம்பர் வரை அது நடந்தது.

காடுகள் எப்படிக் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன என்று காட்டினார்கள். அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளாஸ் லாக்னர் என்ற விஞ்ஞானி அமைத்த 'இயந்திர மர'த்தை வைத்தார்கள். காற்று வீசும்போது அதன் தட்டுகளில் கரியமில வாயு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்தெடுக்கலாம். பிடித்த வாயுவைக் கொண்டு தயாரித்த பற்பசை, பேனா, யோகாசனப் பாய், வோட்கா சாராயம் ஆகியவற்றையும் வரிசையாக வைத்தார்கள்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். பாட்டாளி வர்க்கம் விஞ்ஞானத்தின் விரோதி அல்ல. நாம் நூற்கும் கதிரும், இறைக்கும் பம்பும் விஞ்ஞானம் தந்தவை. விஞ்ஞானத்தை மக்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவர்கள் யார்? ஆனால் இந்தப் பொருட்காட்சிக்குப் பணம் கொடுத்தது ஷெல் கம்பெனி! உலகின் மிகப்பெரிய எண்ணெய் ஏகபோகங்களில் ஒன்று!

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பர்மா ஷெல் என்ற பெயரில் இந்தியா முழுதும் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்றுக் கொழுத்தவர்களில் ஒரு பங்காளி இது. 1976-ல் பர்மா ஷெல் நாட்டுடைமையாக்கப்பட்டு பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. அந்த ஷெல்தான் லண்டனில் பூமித்தாயைக் காப்பாற்றக் கிளம்பியது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அது இதுதான்.

நெல்லும் பதரும்

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது போர்வைபோல் பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. நீராவி எஞ்சின் யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு இந்த வாயு இருந்தது. 2024-ல் சுமார் 425 பங்காக ஏறிவிட்டது. ஒருமுறை ஏறிய வாயு சீக்கிரம் கரைந்து போவதில்லை. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும்.

இதை ஒட்டி மூன்று வேறு வேறு வேலைகளை ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது: ஆலைப் புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிப்பது. இதனால் காற்றில் ஏற்கெனவே உள்ள வாயு ஓர் இம்மிகூடக் குறையாது. புதிதாகச் சேர்வதுதான் கொஞ்சம் மட்டுப்படும்.

இரண்டாவது: காற்றிலேயே கலந்துவிட்ட வாயுவை வெளியே எடுத்து, திரும்ப வராதபடி பூமிக்குள்ளோ பாறையிலோ பூட்டுவது. இதுதான் உண்மையான 'வாயு அகற்றல்'. மரம் வளர்ப்பதும் இதில் சேரும். ஆனால் மரம் எரிந்தாலோ வெட்டுப்பட்டாலோ வாயு திரும்பிவிடும்.

மூன்றாவது: பிடித்த வாயுவில் சரக்குத் தயாரிப்பது. வோட்காவைக் குடித்தவன் விடுகிற மூச்சிலேயே அந்த வாயு மறுபடி காற்றுக்கு வந்துவிடுகிறது. இதில் பூமிக்கு என்ன லாபம்?

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில், 60,000 டன் வாயுவை ஆண்டுதோறும் பிடிக்கும் திட்டத்துடன் 2016-லேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாடு அது. நல்ல எஞ்சினியர் வேலை. அதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோடா உப்பைக் கண்ணாடித் தொழிற்சாலையில் உருக்கினால் வாயு மறுபடி வெளியே வரும். எரித்ததோ பூமிக்கடியிலிருந்து தோண்டிய கரி. இது சிக்கனம், அகற்றல் அல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்தால், பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்?

இப்போது பதர் கணக்குக்கு வருவோம். ஒரு லட்சம் நெல்மணிக் குவியலில் சுமார் 42 பதர் கலந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 42-ஐயும் பொறுக்கி எடுக்க எத்தனை ஆள், எத்தனை நாள் வேண்டும்? காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பொறுக்குவது அப்படிப்பட்ட வேலை. நிலக்கரிப் புகைபோக்கியிலோ நூறு பங்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு அதே வாயு அடர்த்தியாக இருக்கிறது. ஊதுகளத்திலேயே பதரைப் பிரிக்காமல், ஊரெல்லாம் தூவிவிட்டுப் பிறகு பொறுக்கப் புறப்படுகிறவனை நம் களத்து மேட்டில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

மில் தோழர்களுக்கு இன்னும் எளிதில் விளங்கும். கார்டிங்கில் பறக்கும் பஞ்சுத் தூசியை மிஷினருகிலேயே உறிஞ்சி எடு என்று நாம் கேட்கிறோம். "வேண்டாம், தூசி பறக்கட்டும், மில் முழுதும் பரவியபின் ஒரு ஆளை வைத்துக் காற்றிலிருந்து பிடிக்கிறேன்" என்று நிர்வாகம் சொன்னால் சங்கம் சும்மா இருக்குமா?

அரை நிமிஷக் கணக்கு

பொருட்காட்சியில் மிஷினைக் காட்டினார்கள். மிஷினின் அளவையும் உலகம் எரிப்பதன் அளவையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவோம்.

ஐஸ்லாந்தில் கிளைம்ஒர்க்ஸ் என்ற கம்பெனி 2021-ல் 'ஓர்கா' என்ற நிலையத்தைத் திறந்தது. ஆண்டுக்கு 4,000 டன் வாயுவைக் காற்றிலிருந்து எடுக்கத் திட்டம். 2024-ல் 'மாமத்' என்ற பெரிய நிலையத்தைத் திறந்தது. முழு அளவில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் எடுக்கும் என்று கணக்கு. இன்னொரு பக்கம், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் உலகம் ஆண்டொன்றுக்கு விடும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன்!

வகுத்துப் பாருங்கள். மாமத் ஓர் ஆண்டு முழுதும் முழு வேகத்தில் உழைத்து எடுப்பதை, உலகம் அரை நிமிஷத்தில் விட்டுத் தள்ளிவிடுகிறது. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயை ஆற்றிக் கொடுக்கும் நேரம்!

உலகம் முழுவதும் நடக்கும் வாயு அகற்றலைத் தொகுத்து விஞ்ஞானிகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை இன்னும் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 220 கோடி டன் அகற்றப்படுகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே காடு வளர்ப்பு போன்ற பழைய வழிகளில்தான். புதிய மிஷின்கள், புதிய முறைகள் அத்தனையும் சேர்ந்து எடுப்பது சுமார் 13 லட்சம் டன். அதாவது உலகம் பதினெட்டு நிமிஷத்தில் விடும் வாயு.

அந்த மிஷினுக்கும் தீனி வேண்டும். இப்போதுள்ள முறைகளில் ஒரு டன் வாயுவைக் காற்றிலிருந்து எடுக்க, வெப்பமும் மின்சாரமும் சேர்த்துச் சுமார் 2,000 யூனிட் சக்தி பிடிக்கிறது. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு விடும். கரி மின்சாரத்தில் இந்த மிஷினை ஓட்டினால் பிடிப்பதைவிட விடுவதுதான் அதிகம்! ஐஸ்லாந்தில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீராவியில் மின்சாரம் கிடைப்பதால் அங்கே அது செல்லுபடியாகிறது.

அப்படியானால் வாயு அகற்றலே வேண்டாமா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லக்கூடாது. வேண்டும். ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் குழு 2022-ல் வெளியிட்ட அறிக்கையே, எளிதில் நிறுத்த முடியாத மிச்சப் புகையை ஈடுகட்ட வாயு அகற்றல் தவிர்க்க முடியாதது என்று சொல்கிறது. எரிப்பதை வேகமாகக் குறைத்து, கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்துக்குப் பயன்படுத்த வேண்டிய சாதனம் இது. எரிப்பதைக் குறைக்காமலிருக்கப் போக்குக் காட்டும் சாதனம் அல்ல. மருந்து மருந்துதான். ஆனால் "எங்களிடம் மருந்து இருக்கிறது, நீ தாராளமாகக் குடி" என்று சாராயக் கடைக்காரன் விளம்பரம் செய்தால் அதற்குப் பெயர் வைத்தியமா?

இது நம் கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஆக்ஸிடெண்டல் எண்ணெய்க் கம்பெனி, இத்தகைய மிஷின் செய்யும் கார்பன் எஞ்சினியரிங் கம்பெனியை 2023-ல் 110 கோடி டாலர் கொடுத்து விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் அதன் தலைமை நிர்வாகி விக்கி ஹாலப் பகிரங்கமாகவே சொன்னார்: இந்தத் தொழில் நுணுக்கம் எங்கள் எண்ணெய்த் தொழிலைக் காப்பாற்றும், இன்னும் அறுபது எழுபது எண்பது ஆண்டுகள் தொழில் நடத்த எங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் என்று. பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது!

தெரியாமல் செய்தார்களா?

ஷெல் கம்பெனிக்கு ஆபத்து தெரியாதா? நன்றாகத் தெரியும். 1988-லேயே அந்தக் கம்பெனிக்குள் ரகசிய அறிக்கை தயாராயிற்று. எண்ணெயும் கரியும் எரிப்பதால் பூமி சூடேறும் என்று அதில் எழுதி வைத்தார்கள். 1991-ல் இதைப் பற்றி ஒரு சினிமாப் படமே எடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். எழுதினார்கள், படம் எடுத்தார்கள், பிறகு மேலும் முப்பது ஆண்டுகள் எண்ணெய் இறைத்தார்கள்.

பொருட்காட்சி திறந்த ஒரு வாரத்தில், 2021 மே 26-ந் தேதி, ஹாலந்து நாட்டு ஹேக் நகரக் கோர்ட்டு ஷெல்லுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2030-க்குள் 2019-ன் அளவிலிருந்து புகையை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஷெல் என்ன செய்தது? மேல்கோர்ட்டுக்கு ஓடியது. 2024 நவம்பரில் மேல்கோர்ட்டு, கம்பெனிக்குப் புகையைக் குறைக்கும் பொறுப்பு உண்டுதான், ஆனால் இத்தனை சதவீதம் என்று நாங்கள் நிர்ணயிக்க முடியாது என்று சொல்லி முந்தைய உத்தரவை ரத்து செய்தது. இடையில் 2022-ல் ஷெல் அடித்த லாபம் கிட்டத்தட்ட 4,000 கோடி டாலர்! 2024 மார்ச்சில், தானே முன்பு அறிவித்திருந்த 2035-ம் ஆண்டு இலக்கையும் கைவிட்டது.

மியூசியத்தில் பூமியைக் காப்பாற்றப் பணம். கோர்ட்டில் பூமியைக் காப்பாற்ற மாட்டேன் என்று வழக்கு! இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே கஜானாவிலிருந்துதான்.

வாய்ப்பூட்டு ஒப்பந்தம்

2021 ஜூலையில் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. மியூசியத்துக்கும் ஷெல்லுக்கும் நடந்த ஒப்பந்தம் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. சானல் 4 செய்தி அதை ஒலிபரப்பிற்று. ஷெல்லின் நற்பெயருக்கும் மதிப்புக்கும் பங்கம் விளைவிக்கக்கூடிய எதையும் மியூசியம் சொல்லவோ செய்யவோ கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது!

மியூசியம் நிர்வாகம் சமாதானம் சொன்னது. இது வழக்கமான ஷரத்து, இரு தரப்புக்கும் பொருந்தும், பொருட்காட்சியில் எதை வைப்பது என்பதை நாங்களே தீர்மானித்தோம் என்றது.

இருக்கட்டும். நாம் ஒன்று கேட்கிறோம். மில்லில் ஒரு தகராறு. சமரசம் பேச ஒரு அதிகாரி வருகிறார். முதலாளியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டேன் என்று முதலாளிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார். "தீர்ப்பு என்னுடையதுதான், முதலாளி தலையிடவில்லை" என்கிறார். அவர் தீர்ப்பை நம் சங்கம் ஏற்குமா? அவருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் கையெழுத்து ஒன்றே போதும்.

முன்னனுபவமும் இருக்கிறது. அதே மியூசியத்தில் 2010-ல் பருவநிலையைப் பற்றிய காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கும் ஷெல் பணம் கொடுத்தது. 2015-ல் வெளியான கடிதங்கள் என்ன காட்டின? அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி, தன் நடவடிக்கைகளைப் பற்றி வெளி அமைப்புகள் பேசச் சந்தர்ப்பம் கொடுத்துவிடுமோ என்று ஷெல் அதிகாரிகள் மியூசியத்திடம் கவலை தெரிவித்திருந்தார்கள். பணம் கொடுத்தவன் வாயையும் அளந்து பார்த்தான்!

ஓர் எண்ணெய்க் கம்பெனி பணம் கொடுத்தால் பொருட்காட்சியில் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாமல் விடுவதே போதும். இயந்திர மரம் உண்மை. மரத்தைக் காட்டியது உண்மை. எரிப்பதை நிறுத்தாமல் மரம் நட்டுப் பயனில்லை, எரிக்கிறவனே இந்தக் காட்சிக்குப் பணம் கொடுத்தவன் என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிடாததுதான் வஞ்சகம்.

மனச்சாட்சி உள்ளவர்கள் வெளியேறினார்கள்

பிரிட்டிஷ் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூனில் மியூசியத்துக்குள்ளேயே அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போலீஸ் வந்தது. அக்டோபரில் கிறிஸ் ராப்லி மியூசியத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து ராஜினாமா செய்தார். அவர் யார்? அந்த மியூசியத்தின் முன்னாள் டைரக்டர். பருவநிலை விஞ்ஞானப் பேராசிரியர். எண்ணெய்க் கம்பெனிகளிடம் பணம் வாங்கும் கொள்கைதான் அவர் வெளியேறக் காரணம்.

அதே அக்டோபரில் அடுத்த அறிவிப்பு வந்தது. 'எனர்ஜி ரெவல்யூஷன்' என்ற புதிய காட்சிக்கூடத்துக்கு அதானி கிரீன் எனர்ஜி பணம் கொடுக்கும் என்றார்கள். உடனே கணித விஞ்ஞானி ஹன்னா ஃபிரையும் ஜோ ஃபாஸ்டரும் தர்மகர்த்தா பதவிகளை விட்டு விலகினார்கள். ஆனாலும் 2024 மார்ச்சில் அதானி பெயர் தாங்கிய காட்சிக்கூடம் திறக்கப்பட்டுவிட்டது.

சூரிய சக்திக் கம்பெனி பணம் கொடுத்தால் என்ன தவறு என்று கேட்கலாம். கம்பெனியின் பெயரில் பச்சை இருக்கிறது. குழுமத்தின் கையில் கரி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் அதே குழுமத்தினுடையது. வாங்கன், ஜகாலிங்கு பூர்வகுடி மக்களில் ஒரு பகுதியினர் தங்கள் மண்ணைக் காக்க ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும், 2021 டிசம்பரில் அங்கிருந்து கரி கப்பலேறியது. நம் கடற்கரையிலும் அவர்கள் கால் பதித்திருக்கிறார்கள். 2018-ல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வாங்கினார்கள். அதை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு வட்டார மீனவர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவன் குரல் லண்டன் மியூசியத்தில் கேட்குமா? பணம் கொடுத்தவன் பெயர் மட்டும் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மியூசியத்தின் ஊழியர்கள் 2019 ஆகஸ்டில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. சர்க்கார் மானியத்தை இறுக்கும், ஊழியருக்குக் கூலி தராது. கடைசியில் கம்பெனி வாசலில் கையேந்தச் சொல்லும். பொது ஸ்தாபனத்தைப் பட்டினி போட்டால் அது யார் வீட்டுச் சோற்றுக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே மியூசியம் ஊழியர்கள் நம் எதிரிகள் அல்ல. நம் வர்க்கத்தினர்.

நமக்கு என்ன என்கிறீர்களா?

"லண்டனில் எவனோ எதையோ காட்டினால் கீழத்தஞ்சையில் களை எடுக்கிறவனுக்கு என்ன?" என்று யாரேனும் கேட்கலாம். சம்பந்தம் நேரானது.

அதே லண்டன் மியூசியத்தில் 1788-ல் போல்டன்-வாட் கம்பெனி செய்த நீராவி எஞ்சின் ஒன்று இன்னமும் நிற்கிறது. அந்த எஞ்சின்களின் வாரிசுகள் மான்செஸ்டர் மில்களை ஓட்டின. அந்தத் துணி இங்கே வந்து இறங்கியபோது நம் நெசவாளர் தறி நின்றது. அன்று அந்தப் புகைபோக்கிகள் விட்ட வாயுவில் ஒரு பகுதி இன்றும் வானத்தில் நிற்கிறது. லாபம் அங்கே போயிற்று. வெயில் இங்கே வந்து சேர்ந்தது. வெயிலில் நிற்பவர்கள் யார்? நடவு நடுகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள், தகரக் கூரையின் கீழ் கதிர் பிடிக்கிறவர்கள். குளிர்சாதன அறையில் இருக்கும் பங்குதாரர்கள் அல்ல.

அதோடு, வாயு அகற்றும் வியாபாரம் நம் வயலுக்கே வந்துவிட்டது. எரிமலைப் பாறையைத் தூளாக்கி நெல்வயலில் தூவினால், மழைநீரோடு சேர்ந்து அது கரியமில வாயுவைக் கட்டிப்போடும். மண்ணுக்கும் சத்து சேரும் என்கிறார்கள். இதில் விஞ்ஞானம் இருக்கிறது. இந்தியச் சிறு விவசாயிகளின் நிலங்களில் இதைச் செய்யும் மாத்தி கார்பன் என்ற கம்பெனிக்கு 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் முதல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணம் எலான் மஸ்க்கின் அறக்கட்டளை தந்தது.

பிடித்த வாயுவை டன் கணக்கில் சான்றிதழாக்கி, புகை விடும் கம்பெனிகளுக்கு விற்பதுதான் இந்தத் தொழிலின் வரும்படி. ஆகவே இத்தகைய திட்டம் எங்கே வந்தாலும் விவசாயத் தொழிலாளர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தூளைத் தூவுகிற ஆளுக்குக் கூலி எவ்வளவு? மூக்கில் தூள் ஏறாமலிருக்கப் பாதுகாப்பு என்ன? பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று மில் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்! சான்றிதழ் விற்ற பணத்தில் குத்தகை விவசாயிக்கும் கூலியாளுக்கும் பங்கு உண்டா? நம் வயலின் பெயரால் சான்றிதழ் வாங்கிய கம்பெனி, அதைக் காட்டி இன்னும் எவ்வளவு காலம் புகை விடப்போகிறது?

நாம் கேட்பது இதுதான்

பொருட்காட்சி வேண்டும். லண்டனில் மட்டுமல்ல, ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும், திருவிழாத் திடலிலும் வேண்டும். வாயு அகற்றலைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் முழு உண்மையைச் சொல்ல வேண்டும்.

எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகளின் பணமும் வாய்ப்பூட்டு ஒப்பந்தமும் எந்த விஞ்ஞானக் காட்சிசாலையிலும் நுழையக்கூடாது. பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு, என்ன நிபந்தனை என்பது வாசலிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

வாயு பிடிக்கும் மிஷினைக் காட்டினால், அது ஓர் ஆண்டில் எடுப்பதை உலகம் எத்தனை விநாடியில் விடுகிறது என்ற கணக்கைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும்.

புகைபோக்கியில் பிடிப்பது வேறு, காற்றிலிருந்து அகற்றுவது வேறு, பிடித்ததைச் சரக்காக்கி விற்பது வேறு என்று பாமரனுக்கும் விளங்கும்படி பிரித்துச் சொல்ல வேண்டும்.

இயந்திர மரத்துக்கு அருகில், வெயிலில் சுருண்டு விழும் கூலியாளின் கதையும் இருக்க வேண்டும். அவனுக்கு நிழலும் தண்ணீரும் மதிய ஓய்வும் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்க வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் உழைக்கும் தோழர்களுக்கு மாற்று வேலையும் கூலியும் உத்தரவாதம் செய்யாமல், "சுரங்கத்தை மூடு" என்று மட்டும் சொல்லும் காட்சியும் அரைகுறைதான். மாற்றத்தின் செலவை லாபம் அடித்தவன் ஏற்க வேண்டும். வியர்வை சிந்தியவன் தலையில் கட்டக்கூடாது.

படிப்பகத்துக்குத் திரும்புவோம். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. இளந்தோழர் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் முடிவுரை சொன்னார்: "ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்கலைன்னா ஓட்டையை முதல்ல அடைக்கணும். ஓட்டை போட்டவனையே கூப்பிட்டு, குடத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணச் சொன்னா விளங்குமா?"

நாம் சொல்ல நினைத்ததை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தோழர்களே, இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். பிள்ளைகளைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனால் மிஷினை ஆசையோடு காட்டுங்கள். காட்டிவிட்டு, சுவரில் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயரையும் விரல் நீட்டிக் காட்டுங்கள்.